நடுச்சுவரைக் காப்பாற்றிய கதை

"உயிரே போனாலும் சரி, அந்த நடுச்சுவரை இடிக்க விடமாட்டேன்!"

கண்ணாடிக்கடைக்காரர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே இந்தச் சபதத்தைச் செய்தார். வாய் நிறைய நுரை. அதனால் சபதம் 'ளொளொளொ' என்றுதான் வெளியே கேட்டது. அதுவும் நல்லதற்குத்தான். அவர் மனைவி அடுத்த அறையில் இருந்தாள்.

அவருக்குச் சபதம் செய்வது புதிதல்ல. வாரம் ஒன்றாவது செய்துவிடுவார். காலையில் செய்த சபதம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கினால் அது பெரிய சபதம். ஆனால் இந்தத் தடவை மனுஷர் நிஜமாகவே கொதித்துப்போயிருந்தார். ஏனென்றால் இது அவருடைய முன்னறை சம்பந்தப்பட்ட விஷயம்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே வரிசையாகக் கட்டிய பழைய காலத்து வீடுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி வாசற்படி, ஒரே மாதிரி இரண்டு நெட்டை ஜன்னல்கள். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நிற்பதுபோல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இந்த வீட்டின் வலது சுவர்தான் அடுத்த வீட்டின் இடது சுவர். இங்கே ஆணி அடித்தால் அங்கே படம் விழும். அங்கே குழந்தை அழுதால் இங்கே தொட்டிலைத் தேடுவார்கள்.

இப்படி ஒட்டிக் கட்டிய வீட்டில் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னறை, நடு அறை, சமையலறை என்று ரயில் பெட்டிகளாக ஒன்றன்பின் ஒன்று. வெளிச்சம் வந்தால் தெருப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கொல்லைப்பக்கத்திலிருந்து. நடு அறைக்கு இரண்டும் கிடையாது. நட்டநடுப் பகலிலும் அங்கே பல்பு எரியும்.

நெட்டை ஜன்னல் இரண்டும் இருந்த முன்னறை, கண்ணாடிக்கடைக்காரருக்கு. பல்பு எரிகிற நடு அறை, தையல் வேலை செய்கிற அவர் மனைவிக்கு. இதை யார் எப்போது தீர்மானித்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் ஒரு சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். அது அங்கேயே வேர் விட்டுவிட்டது. கடைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதில்தான் சாய்ந்திருப்பார். கையை நன்றாக நீட்டிப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, "எழுத்தை ரொம்பப் பொடிசாக்கிட்டான்யா" என்று பேப்பர்க்காரனைத் திட்டுவார். அப்புறம் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். அந்தத் தூக்கத்துக்கு அவ்வளவு வெளிச்சம் எதற்கு என்பதுதான் அவர் மனைவிக்குப் புரியாத விஷயம்.

வினை ஒரு கோட்டில் ஆரம்பித்தது. வங்கி மேனேஜர் ஒருவர் தைக்கக் கொடுத்த கறுப்புக் கோட்டு. பாவம், அவள் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். மேனேஜர் வாசலில் நின்று போட்டுப் பார்த்தார். வெயிலில் தையல் பூராவும் கருநீலமாகப் பளபளத்தது. நடு அறை பல்பில் இரண்டு நூலும் ஒரே நிறம்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்துத் தைத்ததில் அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் உருகிப்போனார். மறுநாள் கடையிலிருந்து வரும்போதே ஒரு மூக்குக்கண்ணாடியோடு வந்தார். சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏறக்குறைய தன் வயசுதானே, இந்த வயசுக்கு இந்த பவர் இருக்கும் என்று ஒரு கணக்கு.

"இந்தா. இனிமே ஊசியில நூல் தானா போய் நுழையும்."

"எனக்கு எதுக்குங்க கண்ணாடி?"

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். வெட்கப்படாம போட்டுக்கோ."

"எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு வீட்லதான்."

"வீட்ல என்ன கோளாறு?"

"வெளிச்சத்தையெல்லாம் ஒரு ஆளு முன்னாடி உட்காந்து மறைச்சுக்கிட்டிருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். முன்னறையில் வேறு யாரும் இல்லை.

"அந்த நடுச்சுவரை எடுத்துட்டா முன்னறையும் நடு அறையும் ஒரே கூடமாயிரும்" என்றாள் அவள். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமலே தையல் மெஷின் இழுப்பறையில் போட்டாள். "ஜன்னலோரம் என் மெஷினைப் போட்டுக்குவேன். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"சுவரை எடுக்கறதாவது! அது பாரம் தாங்குற சுவர். அதை எடுத்தா மாடி கீழ வந்துரும். மாடியில படுத்திருக்கிற நாமளும் வருவோம்."

"மேஸ்திரி அப்படிச் சொல்லலையே?"

"மேஸ்திரியா? எந்த மேஸ்திரி?"

"போன மாசம் பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்தாரே, அவருதான். எட்டிப் பார்த்துட்டு, இது வெறும் பலகைச்சுவர், ஒரு மத்தியானம் போதும்னார்."

போன மாதம் பக்கத்து வீட்டில் டமால் டுமீல் என்று ஏதோ சத்தம் கேட்டது வாஸ்தவம். கண்ணாடிக்கடைக்காரர் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். இப்போது நினைத்தாலும் அந்தத் தூக்கத்தில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆக, மேஸ்திரி வரைக்கும் விஷயம் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் பல் தேய்க்கும்போது அந்த 'ளொளொளொ'.

சபதம் செய்தாயிற்று. நிறைவேற்ற வழி வேண்டுமே? வாசற்படியில் யோசனையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் வாசற்படியில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு படிக்கும் நடுவே ஒரு கைப்பிடிக் கம்பிதான்.

"என்ன சார், முகம் வீங்கியிருக்கு? பல்லா?"

"பல்லு இல்ல டாக்டர். சுவரு." எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பல் டாக்டர் ஷூ நாடாவைப் பார்த்தபடியே பேசினார். "இது ரொம்பப் பழைய வீடு சார். பழங்கட்டடப் பாதுகாப்பு ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. உங்க வீட்டைப் பாதுகாக்கணும்னு நீங்களே எழுதிக் குடுங்க. அவங்க வந்து பார்த்து எடுத்துக்கிட்டாங்கன்னா அதோட தீர்ந்தது. அப்புறம் யாரும் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது."

"யாரும்னா? வீட்ல இருக்கிறவங்ககூடவா?"

"யாரும்."

"வேற எந்தத் தொந்தரவும் வராதே?"

"ஒண்ணும் வராது சார்" என்றார் பல் டாக்டர். ஊசி போடுவதற்கு முன்னால் 'வலிக்காது' என்று சொல்வாரே, அதே குரல். கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தக் குரல் நன்றாகப் பழக்கம். இரண்டு கடைவாய்ப் பல்லை அவரிடம் பறிகொடுத்தவர்தான். இருந்தும் நம்பினார்.

அன்றைக்கே கடையை அடைத்துவிட்டுப் போய் எழுதிக் கொடுத்தார். வீட்டின் அருமை பெருமைகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், அதில் குடியிருக்கிற அவருக்கே அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆசை வந்துவிடும். திரும்பி வந்து மனைவியிடம் சொன்னபோது குரலில் வருத்தத்தைக் கொண்டுவரப் படாதபாடு பட்டார்.

"நான் என்னம்மா செய்ய? பழைய வீடு. நாட்டோட சொத்து. ஆபீஸ்காரங்க வந்து பார்ப்பாங்க. அப்புறம் சுவரைத் தொடறதுங்கற பேச்சே கிடையாது."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ அவங்க சொல்றதுதான் முடிவா?"

"அதான் முடிவு."

"வேண்டாம்னு நீங்க திருப்பி எழுதிக் குடுத்தா?"

"நானே நினைச்சாலும் முடியாது. கையெழுத்துப் போட்டாச்சு."

"நெசமாத்தானே சொல்றீங்க?"

"பின்ன, விளையாட்டா?"

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அப்படியொரு காபியை அந்த வீட்டில் அவர் குடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தோற்றுப்போனவள் போடுகிற காபி இவ்வளவு நன்றாக இருக்குமா என்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்தார். இளவயசுப் பெண். கையில் டார்ச், தோளில் பை, பின்னால் வந்த வண்டிக்காரர் தலையில் ஏணி. கண்ணாடிக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க வாங்க. இந்தக் கதவைப் பாருங்க. ஒரே மரம். இந்தக் கீலைப் பாருங்க. இன்னைவரைக்கும் ஒரு சத்தம் போட்டதில்ல." கதவைத் திறந்து காட்டினார். அது நன்றாகவே சத்தம் போட்டது.

"இந்த ஜன்னலைப் பாருங்க. குளிர் காயற இந்தக் கணப்படுப்பைப் பாருங்க. எதுலயும் நான் கை வெச்சதில்ல."

"அது தெரியுது சார்" என்றாள் அதிகாரி, அடுப்புமேல் விரலால் தேய்த்து, விரலைப் பார்த்துவிட்டு.

கண்ணாடிக்கடைக்காரருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. உச்சக்கட்டமாக மேலே கையைக் காட்டினார். சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் இலையும் கொடியுமாகச் சுண்ணாம்பு வேலைப்பாடு ஒரு பட்டையாக ஓடியது.

"இந்தப் பட்டையைப் பாருங்க! இந்த மாதிரி வேலை இனிமே யார் செய்வாங்க?"

"அருமை சார். மூணு பக்கம் ஓடுது. நாலாவது பக்கம் எங்கே?"

"எந்தப் பக்கம்?"

"இந்த நடுச்சுவர்ப் பக்கம். இங்கே மொட்டையா இருக்கே?"

கண்ணாடிக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அந்த நாற்காலியில் அத்தனை வருஷம் மல்லாந்து கிடந்த மனுஷர், அன்றுதான் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"சரி, அதை விடுங்க" என்று அதிகாரி டார்ச்சை அடித்தாள். "இந்தப் பூ?"

சீலிங்கில், நடுச்சுவரை ஒட்டி, ஒரு பெரிய சுண்ணாம்புப் பூ. இதழ் இதழாக, தாம்பாளம் அகலத்துக்கு. ஆனால் பாதிதான் இருந்தது. சரியாக நடுவில் சுவர் வந்து வெட்டியிருந்தது.

"மீதிப் பூ எங்கே சார்?"

"அது… பழைய வீடு இல்லையா? தேஞ்சிருக்கும்."

"கத்தியால அறுத்த மாதிரியா தேயும்?"

நடு அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மீதி இங்கதாம்மா இருக்கு. வாராவாரம் ரெண்டு பக்கமும் ஒட்டடை அடிக்கிறது நான்தானே."

அதிகாரி அங்கே போய்ப் பார்த்தாள். இங்கே வந்து பார்த்தாள். மறுபடி அங்கே போனாள். அவள் போகிற இடமெல்லாம் கண்ணாடிக்கடைக்காரரும் அண்ணாந்தபடியே போனதில் மெஷின்மேல் முட்டிக்கொண்டார். கடைசியில் அவள் நடுச்சுவரை விரல் மடக்கித் தட்டினாள். 'டொக் டொக்' என்று காலிப் பெட்டிச் சத்தம்.

"அது பாரம் தாங்குற சுவரும்மா! பார்த்துத் தட்டுங்க!"

"சார், இது தன்னைத் தானே தாங்கிக்கிட்டு நிக்கிறதே பெரிய விஷயம். ரெண்டு பலகைக்கு நடுவுல காத்து, மேல பூச்சு. அவ்வளவுதான்."

மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கணவருக்குப் பின்னால் போட்டாள். எதற்கு என்று அவருக்கு அப்போது புரியவில்லை. அதிகாரி பேச ஆரம்பித்ததும் புரிந்தது.

"சந்தோஷமான விஷயம் சார். இது நிச்சயமாப் பாதுகாக்க வேண்டிய வீடுதான். நாங்க எடுத்துக்கிறோம்."

"அப்பாடா!"

"அதனால, இந்தச் சுவரை எடுத்துரணும்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டினப்ப இது ஒரே கூடம் சார். தெருப்பக்கத்து வெளிச்சம் வீட்டுக்குள்ள போகணும்னுதான் ஜன்னலை அவ்வளவு உயரமா வெச்சிருக்காங்க. பூ கூடத்துக்கு நட்டநடுவுல இருந்திருக்கு. பின்னாடி யாரோ ஒரு அறிவாளி குறுக்கே பலகையை அடிச்சு வெளிச்சத்தை மறிச்சிருக்கார். வீட்டைப் பழையபடி ஆக்கணும்ங்கறதுதான் எங்க முதல் வேலை. எங்க ஆளுங்களே வந்து எடுத்துத் தருவாங்க."

"ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னாங்களே!"

"பழசைத்தான் சார் தொடக் கூடாது. இது நடுவுல வந்தது."

"நானும்தான் நடுவுல வந்தேன்!"

"உங்களை எடுக்கச் சொல்லி யாரும் எழுதிக் குடுக்கலையே சார்."

"சரி, எனக்கு எதுவுமே வேண்டாம். நான் எழுதிக் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துருங்க."

அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். "கையெழுத்துப் போட்டாச்சே சார். இனிமே நீங்களே நினைச்சாலும் முடியாது."

மனைவிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருமல் அங்கே போயும் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அதிகாரி கிளம்பும்போது மனைவி ஏணியை ஒரு கை பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி சிரித்தாள். "அக்கா, நீங்க ஏணி பிடிச்சாத்தான் எனக்கு ஏற தைரியம் வருது. அன்னைக்குப் பக்கத்து வீட்லயும் நீங்கதானே பிடிச்சீங்க? 'எங்க வீட்லயும் இதே மாதிரி பாதிப் பூ இருக்கு'ன்னு நீங்க சொன்னப்பவே, இங்கயும் வர வேண்டியிருக்கும்னு நான் நினைச்சேன்."

ஏணி போய்விட்டது. கண்ணாடிக்கடைக்காரர் வாசலிலேயே நின்றார். பக்கத்து வாசற்படியில் பல் டாக்டர் சத்தம்போடாமல் கதவைச் சாத்தப் பார்த்தார்.

"டாக்டர்! நில்லுங்க!"

பல் டாக்டர் நின்றார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், "உள்ள வாங்க சார்" என்று கூப்பிட்டார். உள்ளே போனால் அதே வீடு, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறி நின்றது. ஒரே கூடம். சீலிங்கில் முழுப் பூ. ஜன்னலோரம் பல் டாக்டரின் மனைவி, சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் சாய்வு நாற்காலி மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீங்களும் எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்தப் பக்கத்து வீட்டு வக்கீல்." பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவரு வீட்டுக்காரம்மா சொல்லச் சொன்னாங்களாம். எங்க வீட்டுக்காரம்மா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் என்ன சார் செய்ய? சுவரெல்லாம் ஒட்டியிருக்கு."

ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி சொன்னதுபோலவே ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எதிர்ப்பைக் காட்டும் விதமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர்கள் நாற்காலியோடு தூக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசிப் பலகை விழுந்து தூசி அடங்கியது. ஜன்னல் வெளிச்சம் தரை வழியாக நடந்து சமையலறை நிலைப்படி வரைக்கும் போயிற்று. பூவின் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கோடுதான் மிச்சம். அதையும் சுண்ணாம்பு குழைத்துப் பூசிச் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். கறுப்பு நூலையும் கருநீல நூலையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.  சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவு சந்தோஷம் முகத்தில். கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக இந்தப் பொம்பளையைப் பல்புக்கு அடியில் உட்காரவைத்துவிட்டோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார். ஆனால் அதை வெளியே காட்டிக்கொண்டால் கெட்டது காரியம். பூவுக்கு நேர் கீழே கூடத்தின் நடுவில் கிடந்த தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்து பேப்பரை விரித்தார். கையை நீட்டினார். இன்னும் நீட்டினார்.

"பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன். இங்க உட்காந்தா வெளிச்சம் பத்தல. ஒரு எழுத்து தெரியல."

அவள் எழுந்து வந்தாள். கையில் ஊசியும் நூலும். அவருக்குப் பக்கத்தில், அதே இடத்தில் நின்று, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். முடிச்சையும் போட்டாள்.

"வெளிச்சம் இருக்கே?"

 அவர் நீட்டிய கையில் பேப்பர் எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கடையில் யாராவது இப்படிக் கையை நீட்டிப் படித்தால், 'வாங்க, உக்காருங்க' என்று முதல் ஆளாக ஓடுகிறவர் அவர்தான்.

அவள் மெஷின் இழுப்பறையைத் திறந்தாள். பிரிக்காத கண்ணாடிப் பெட்டியை எடுத்துவந்து, பிரித்து, கண்ணாடியை அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். பேப்பர்க்காரன் எழுத்தையெல்லாம் திடீரென்று பெரிதாக்கிவிட்டான்.

"இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள் அவள். "வெட்கப்படாம போட்டுக்குங்க."